நாற்பது நாள் சத்து ஐந்தே நாளில்

கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர் அடைக்கலம். அவர் மனைவி லீமா அங்கேயே ஆயா. 1982இல் அதே ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று மைதானம் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. ஏரியைச் சுற்றி ஓடி முதலில் வருகிறவருக்கு வேலை. கூடவே ஓடு போட்ட இரண்டு அறை வீடு. லீமாவுக்கு வீடுதான் கண்ணில் நின்றது. மழை வந்தால் ஏழு இடத்தில் சட்டி வைக்க வேண்டிய தகரக் கூரையின் கீழ் இன்னொரு ஐப்பசியைக் கழிக்க அவள் தயாராக இல்லை.

கம்பவுண்டர் சிலுவைராஜ் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு அடைக்கலத்திடம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஒரே மூச்சாக ஓடாமல் வேகமாக ஓடி, கொஞ்சம் நடந்து, மறுபடி வேகமாக ஓடுவது. மற்றது, தசைக்குத் தெம்பு தரும் கிரியேட்டின் என்ற சத்து.

"அது எந்தக் கடையில கெடைக்கும்?"

"கடைக்கு எதுக்குப் போறீரு? மாட்டுக்கறியில கெடக்காம்ல."

முதல் வழிக்குத் தடையில்லை. விடியுமுன் எழுந்து ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை பறப்பார், அதற்கடுத்ததுவரை நடப்பார். இரண்டாவதற்குத்தான் வழியில்லை. அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், நாற்பது நாள் கறி கூடாது. வீட்டில் கஞ்சியும் துவையலும்தான். கறி வாசனை கிளம்பினால் அடுத்த வீட்டுப் புஷ்பமேரி மூலம் கோயில் பங்குச்சாமியார் காதுக்குப் போய்விடும்.

ஓடத் தொடங்கிய ஆறாவது வாரம் லீமா, வார்டில் நாடி பார்க்கும் கடிகாரத்தோடு ஏரிக்கரையில் நின்றாள். இருபத்தொரு நிமிஷத்தில் சுற்றி வந்துவிட்டார்.

"இதுவே போதுங்க. கஞ்சியக் குடிச்சிட்டே ஓடுங்க."

"கஞ்சிக்கே இப்படின்னா கறிக்கு எப்படி இருக்கும், யோசிச்சியா?"

ஈஸ்டர் பூசை முடிந்ததும் அவரே யோசிப்பதை விட்டுவிட்டார். சனிக்கிழமை ஓட்டம். நாற்பது நாள் விட்டுப்போன சத்தை ஐந்து நாளில் ஏற்றிவிட முடிவு செய்தார். பெரிய அலுமினியச் சட்டி ஒன்று வாங்கினார். தினம் ஒரு கிலோ கறி, அதற்குமேல் எலும்புச் சூப்பு. புதன்கிழமை லீமா ஓமத் தண்ணீர் நீட்டினாள். சத்தை முறித்துவிடும் என்று தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை முதல் மூன்று கம்பம்வரை அவர்தான் முன்னால். படகுத்துறை தாண்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் இறங்கினார். வந்தார், பறந்தார், மறுபடி இறங்கினார்.

"பத்திரிகையில போட்ட மாதிரியே விட்டு விட்டு ஓடுறாரு பாருங்க," என்றார் சிலுவைராஜ்.

பேத்துப்பாறையிலிருந்து வந்த ஜெபதுரை இருபத்துநாலு நிமிஷத்தில் சுற்றி முடித்து வேலையையும் வீட்டையும் வாங்கிக்கொண்டான்.

லீமா கணவரை வார்டில் படுக்கவைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்தாள். பெட்பேனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"அளவு பத்தல லீமா. ரெண்டு கிலோவா போட்டிருக்கணும்."

ஐப்பசியில் கூரை எட்டாவது இடத்திலும் ஒழுகியது. அதற்கு அந்த அலுமினியச் சட்டி சரியாக இருந்தது.