ம் கொட்டி நடத்திய கம்பெனி

எங்கள் கம்பெனியில் நான்கு பேர். நான், ஃபோன் எடுக்கும் மாமி, அலுமினியச் சட்டம் வெட்டுகிறவர், அதை ஜன்னலில் மாட்டுகிறவர். கொசுவலை போடுவதுதான் தொழில். மயிலாப்பூரில் மாட வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆட்டோ திரும்ப முடியாத ஒரு சந்தில், கீழே பட்டறை, மேலே ஓர் அறை. அந்த அறைக்கு ஆபீஸ் என்று பெயர் வைத்தது மாமிதான்.

ஏன் நான்கே பேர் என்று இப்போதெல்லாம் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு, முதலாளியே இறங்கி வேலை செய்வது பெரிய விஷயமாம். அதற்குப் படிப்பெல்லாம் இருக்கிறதாம். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ஐந்தாவதாக ஒருவரை வேலைக்கு எடுப்பதென்றால் அவரை எதிரே உட்கார வைத்துப் பேச வேண்டும். ஊர் எது, முன்னால் எங்கே இருந்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். அது என்னால் ஆகாது. அதனால் ஐந்தாவது ஆளின் வேலையையும் நானே செய்துவிடுவேன். ஆறாவது ஆளுடையதையும். இடுப்பில் டேப்போடு அளவெடுக்கப் போவது நான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல் வரை. வலை வாங்கப் போவது நான். மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வதும் நான். இதைப் போய் யோசித்துத் திட்டம் போட்டுச் செய்ததாகப் புகழ்ந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பேச்சு எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாராவது பேசினால் ‘ம்’ என்பேன். காதில் விழுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். கதை கேட்கிற குழந்தை ம் கொட்டுவதில்லையா? ராட்சசன் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போனான் என்றாலும் குழந்தை ம் என்றுதான் சொல்லும். அதற்காகத் தூக்கிக்கொண்டு போகக் குழந்தை சம்மதம் கொடுத்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? என் கம்பெனியில் சொல்வார்கள்.

ஒருமுறை மந்தைவெளியில் ஒரு வீட்டுக்கு எந்த நிறத்தில் சட்டம் போடுவது என்று பேச்சு வந்தது. “சார், அவாளுக்கு வெள்ளைதான் பிடிச்சிருக்காம், வெள்ளையே சொல்லிடட்டுமா?” என்று மாமி கேட்டார். ம் என்றேன். படி இறங்கிக் கீழே வந்தால் வெட்டுகிறவர், “பிரவுனுதான் நெறைய மிச்சம் கெடக்கு, அதையே வெட்டிரட்டுமா?” என்றார். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். எதையும் மிச்சம் வைக்கப் பொறுக்காது. அதற்கும் ம் என்றேன். இரண்டையும் கேட்டுக்கொண்டேன், யோசித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் பிரவுன் வெட்டி முடிந்திருந்தது, வெள்ளை என்று வாக்குக் கொடுத்தும் முடிந்திருந்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள், ஏதோ நான் ஆளுக்கு ஒன்றாகப் பேசியது போல.

மாட்டுகிறவர் ஊரூர் குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் ஏறினால் வாந்தி. “தண்ணி ஒத்துக்கல, செவுரு ஒத்துக்கிச்சு” என்பார். மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் ட்ரில் பிடிப்பார். அதைவிட முக்கியம், எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்டு நான் விழித்தால், “அண்ணன் இன்னா சொல்ல வர்றாருன்னா...” என்று ஆரம்பித்து, நான் நினைத்தே பார்க்காததையெல்லாம் சொல்வார். ஜன்னலில் வலை மாட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கலாம். எனக்காகப் பேசுவதற்கு யார் கிடைப்பார்கள்? அவர் போனால் கடையை மூட வேண்டியதுதான். இது எனக்கு எப்போதும் தெரியும். அவரிடம் சொன்னதில்லை.

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. வீட்டுக்காரர் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறவர், அரை டவுசரோடு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“மொத்தமே நாலு பேரா? ஓனர் நீங்களே வந்து ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கறீங்களா? சூப்பர் சார். நாங்க அம்பது பேர வெச்சுக்கிட்டு திண்டாடறோம். எப்டி சார் மேனேஜ் பண்றீங்க?”

ம் என்றேன்.

ஸ்டூல் மேல் நின்ற நம் ஆள் திரும்பாமலே சொன்னார்: “நாலுல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான் சார். அப்பால மூணு. நான் இந்த மாசத்தோட கெளம்பறேன்.”

ஸ்க்ரூ டப்பா என் கையில்தான் இருந்தது. அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். வீட்டுக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஃபோன் வந்தது போல உள்ளே போய்விட்டார்.

வேலை முடிந்து கீழே ஸ்கூட்டர் அருகே வந்ததும்தான் வாய் திறந்தது.

“எங்க போற?”

“டி. நகருக்கு. பெரிய கர்ட்டன் கட ஒண்ணு கீதுல்ல, அங்க கொசுவல செக்‌ஷன் போடறாங்கோ. பதினஞ்சு பேரு. நான் சூப்பர்வைசரு. பேரு போட்ட சட்ட குடுப்பாங்கோ.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே?”

“இன்னாண்ணா இது! நீதான போவச் சொன்ன!”

“நானா? எப்ப?”

“கொளத்தாண்ட. பஸ்ஸு நவுராம நின்னுகினு இருந்துச்சே, அதும் பின்னால மாட்டிகினோமே. பின்னால குந்திகினு கேட்டேன், ‘அண்ணா, டி. நகர்ல கூப்புடறாங்கோ, போவட்டுமா’ன்னு. நீ ம்முன்ன.”

ஞாபகம் வந்தது. தலையில் ஹெல்மெட். முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. டி. நகர், போவட்டுமா, இரண்டும்தான் காதில் விழுந்தன. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ரங்கநாதன் தெருவில் இந்த நேரத்தில் கூட்டம் நசுக்குமே என்றுகூட நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை.

“அது ம் இல்லப்பா. அது சும்மா ம்.”

“சும்மா ம்மா? ஏன்டா போறன்னு ஒரு வார்த்த கேட்டியா? சண்ட போட்டியா? இத்தினி வருசம் ஒண்ணா சுத்திட்டு, ம்முன்னு தொரத்திட்ட. பொண்டாட்டி கைல சொன்னா நம்ப மாட்டேன்றா. ‘அவுரு அப்படிச் சொல்ல மாட்டாரு’ன்றா. அவளுக்குத் தெரியுமா, நான்தான கூட கீறேன்.”

என் பின்னால் உட்காராமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார். எனக்கு எல்லார் மேலும் கோபம். அந்த பஸ் மேல், ஹெல்மெட் மேல், கர்ட்டன் கடைக்காரர் மேல். திரைச்சீலை விற்கிறவருக்குக் கொசுவோடு என்ன வேலை?

ஆபீசுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சார், உங்க ம்முல மூணு தினுசு இருக்கு. மூக்கால வந்தா வேண்டாம்னு அர்த்தம். தொண்டைலேர்ந்து வந்தா சரி. இழுத்துண்டே வந்தா காதுலயே விழலைன்னு அர்த்தம். நேக்கு இதெல்லாம் பழகிடுத்து. ஹெல்மெட்டைப் போட்டுண்டு சொன்னா எல்லாம் ஒண்ணாத்தானே கேக்கும்?”

“மூணா?” என்று கீழேயிருந்து வெட்டுகிறவர் குரல் கொடுத்தார். “ஒண்ணுதான்னுல்லா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்!”

“அதான் பிரவுனை வெட்டினேள்!” என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பி, “இருன்னு சொல்லுங்கோ சார். ரெண்டே எழுத்து” என்றார்.

“நீங்க ஃபோன் பண்ணி...”

“மாட்டேன். ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் உங்களுக்காக நான் பேசறேன். இதை மட்டும் நீங்கதான் சொல்லணும்.”

மறுநாள் அதே அடையாறு வீட்டில் பால்கனிப் பக்கத்து ஜன்னல் பாக்கி. அவர் நேராக அங்கே வந்துவிட்டார். வணக்கம் இல்லை, கிண்டல் இல்லை. வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ரெண்டு எழுத்தை விட்டுவிட்டு ஸ்க்ரூவை எண்ண ஆரம்பித்தேன். அவர் ட்ரில்லோடு ஜன்னலுக்கு வெளியே சாய்ந்தார். நான் வழக்கம் போல அவர் பெல்ட்டைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் தெரியவில்லை. அது ஒரு வசதி.

“போவாத” என்றேன்.

“இன்னும் ரெண்டு நூலுதாண்ணா. விழ மாட்டேன், புடி.”

“அதில்ல. டி. நகருக்குப் போவாத. இரு. நீ போயிட்டா எனக்கு... எனக்கு ஒண்ணும் ஓடாது.”

ட்ரில் நின்றது. மெதுவாக உள்ளே வந்தார். தலையெல்லாம் சுவர்ப் பொடி.

“இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

பெல்ட்டை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. கையை எடுத்தேன்.

“சரி, இருக்கேன். ஆனா அந்த டேப்ப கயிட்டிக் குடு.”

“எதுக்கு?”

“அங்க எனுக்கு டேப்பு குடுக்கறேன்னாங்கோ. சட்டைக்காவ போறேன்னா நெனச்ச? எத்தினி வருசமா உன் இடுப்புலயே கீது அது. ஒரு நாளு குடுத்துருப்பியா? அளவெடுக்கறது நீ, மாட்டறது நான். நீ ரெண்டு நூலு தப்பா எடுத்தா சட்டத்த ராவிகினு ஒக்கார்றது யாரு? இன்னிலேர்ந்து நான் எடுக்கறேன், நீ எழுது. இன்னொண்ணு, இனிமே இந்த ம்மு வாணாம். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. கடை ஆரம்பித்த நாள் முதல் அளவை நானே எடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இரண்டு நூல் தப்பு எப்போதாவதுதான் வந்திருக்கும். சரி, அடிக்கடி வந்திருக்கும். இடுப்பிலிருந்து டேப்பைக் கழற்றும்போது பேன்ட்டே நழுவுகிறது போல இருந்தது. கழற்றிக் கொடுத்தேன்.

“சூப்பர் சார்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரர் காப்பி டம்ளரோடு எத்தனை நேரமாக நின்றாரோ. “இதுக்குப் பேருதான் சார் டெலிகேஷன்!” அது என்னவோ. நான் கேட்கவில்லை.

அவர் டி. நகருக்குப் போகவில்லை. இப்போது எல்லா வீட்டிலும் அவர்தான் டேப் பிடிக்கிறார். அளவு சரியாகவே வருகிறது, அதுவும் ஓர் எரிச்சல். நான் பேனாவோடு பக்கத்தில் நிற்கிறேன். “அகலம் முப்பத்தாறு, மூணு நூலு” என்பார். பழக்க தோஷத்தில் ம் என்பேன். அவ்வளவுதான், மனிதர் அசைய மாட்டார். ஜன்னலுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து டேப்பை இழுத்துப் பிடித்தபடி என்னையே பார்ப்பார். வீட்டுக்கார அம்மாவும் என்னைப் பார்ப்பார். “முப்பத்தாறு, மூணு நூல், எழுதிட்டேன்” என்று நான் வாய் திறந்து முழுதாகச் சொல்லும் வரை டேப் சுருளாது. பிறகு உயரம், மறுபடியும் அதே கூத்து. அடையாறில் இப்போது கட்டுகிற வீடுகளில் ஏன்தான் இத்தனை ஜன்னல் வைக்கிறார்களோ தெரியவில்லை.