காதை மூடாத மழைச்சட்டை

1. தகரக் கொட்டில்

ரயில் கடவைக் காவல் வேலையில் மழையைவிட என்னைப் பயப்படுத்தியது எங்கள் கொட்டிலின் கூரைதான். ஓமந்தைக்கு அங்கால் காட்டோரமாய் இருந்தது எங்கள் கடவை. கொட்டிலுக்குத் தகரம் போட்டிருந்தார்கள். மாரி மழை அதில் விழத் தொடங்கினால் உள்ளே நிற்பவருக்கு வேறு ஒன்றும் கேட்காது. தண்டவாளம் வளைந்து வருகிற இடம் அது. கோச்சியை, அதுதான் ரயிலை, கண்ணால் காண முதல் காதால் கேட்கவேண்டும். அதனால் மழை வந்தால் மற்ற ஆட்கள் உள்ளே ஓடுவார்கள், நாங்கள் வெளியே ஓடுவோம்.

தானாக விழுகிற கேற் எங்களுக்கு இல்லை. மூங்கில் தடியைக் கையால் இறக்கிச் சிவப்புக் கொடியை வீதிப்பக்கம் மட்டும் பிடித்து வாகனங்களை மறிக்கவேண்டும். கோச்சி தன்னைத் தாண்டியதும் முந்திய கடவைக்காரர் போன் அடிப்பார். போனுக்குச் சிக்னல் இருந்தால்தான் அதுவும்.

நானும் புஷ்பமும் முறை மாறி நின்றோம். அவள் என்னைவிட நன்றாக இளையவள். குடை பிடித்துப் பார்த்தோம். ஒரு கை அதற்கே போனது, சத்தமும் தகரத்தைப் போலத்தான். பொலித்தீன் போர்த்தினோம், காற்று அதை முகத்தில் சுற்றிவிட்டது. ஒரு மாரியில் புஷ்பத்துக்குக் காய்ச்சல் வந்து எழும்ப நாள் எடுத்தது.

"அக்கா, இனி நல்ல மழைச்சட்டை ஒண்டு வாங்குவம். ரெண்டு பேருக்கும் ஒண்டு காணும். நான் கழட்ட நீங்கள் போடுங்கோ," என்றாள்.

2. சிவப்பு வேண்டாம்

வவுனியாவில் வெளிநாட்டுப் பழைய உடுப்பு விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனோம். நான் தடித்து மொத்தமான ஒரு ஜக்கெற்றைத் தொட்டேன். குளிருக்கு மொத்தம் நல்லது என்று நினைத்தேன்.

"அது பஞ்சும்மா," என்றார் நானா. "மழைத்தண்ணி முழுக்கக் குடிச்சிட்டு உங்களையே இழுத்து விழுத்தும். இங்க பாருங்க, இதுதான் பனி கொட்டுற நாட்டில மலையேறுறவங்க போடுறது."

அவர் காட்டியது மெல்லிசாய்ச் சரசரத்தது. அதை உள்பக்கம் புரட்டினார். தையல் போன இடமெல்லாம் நாடா ஒட்டியிருந்தது. நாடா இல்லாவிட்டால் ஊசித் துளையால் தண்ணீர் வரும் என்றார். போத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். சேம்பிலையில் உருளுவதுபோல உருண்டு போனது.

எனக்கு அளவாக இருந்தது ஒரு சிவப்பு ஜக்கெற். போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தேன்.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. ஏன் வைக்கிறீங்க?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் நின்றால் எனக்கு வாய் வராது.

"அம்மாவுக்கு இந்த வயசில சிவப்புப் போட வெட்கம்," என்றார் நானா.

"வெட்கமில்லை நானா. அக்கா சிவப்புப் போட்டுக்கொண்டு நிண்டா கோச்சி நிண்டிடும்," என்றாள் புஷ்பம்.

"அவ்வளவு அழகோ?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு புஷ்பம்தான் விளங்கப்படுத்தினாள். தண்டவாளத்தின் பக்கத்தில் சிவப்பு அசைந்தால் சாரதி ஆபத்து என்று பிரேக் போடுவார். பச்சை என்றால் பாதை சரி என்று எடுப்பார். செம்மஞ்சளும் மழைக்குள் சிவப்பாய்த்தான் தெரியும். கறுப்புப் போட்டால் எங்களையே தெரியாது. இவற்றையெல்லாம் தள்ள மிஞ்சியது ஒரு வான நீலம். கயிறு இழுத்துக் கட்டுகிற பெரிய தொப்பி அதற்கு இருந்தது. நெஞ்சுக்குள்ளே போன் வைக்கப் பையும், அதை இழுத்து மூடத் தண்ணீர் புகாத சிப்பும் இருந்தன.

"இதைக் கட்டினா காதுக்குள்ள ஒரு துளி போகாது," என்றார் நானா.

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நாங்கள் அதை எடுத்தோம்.

3. செருப்பு

அந்த மாரியில் ஒருநாள் காலை புஷ்பத்திடம் முறை எடுக்கத் தண்டவாளத்தோடு போகிற ஒற்றையடிப் பாதையால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை. எனக்குப் பின்னால் கோச்சி வருகிற இரைச்சல் கேட்டது. வழக்கத்தைவிட நேரம் பிந்தி வந்தது. புஷ்பம் இந்நேரம் தடியை இறக்கியிருப்பாள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

தடி மேலே நின்றது.

புஷ்பம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நீலத் தொப்பியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வயல்பக்க வீதியால், நாளும் ஆட்களை வயலுக்கு ஏற்றிப் போகிற ராசனின் இரண்டு சில்லு உழவு இயந்திரம், லான்ட்மாஸ்ரர், பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் களை எடுக்கப் போகிற பெண்கள் ஒரு பொலித்தீனுக்குக் கீழே ஒடுங்கி இருந்தார்கள். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் ராசனுக்கு ஒன்றும் கேட்காது. அவர் எப்போதும் எங்கள் கையைப் பார்த்துத்தான் வருவார். புஷ்பம் கையைத் தூக்கி, வா என்று காட்டினாள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"புஷ்பம்! புஷ்பம், கோச்சி!"

நான் ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைத்தவள் இல்லை. அன்று இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தியும் என் குரல் எனக்கே மெல்லிசாய்த்தான் கேட்டது. அவள் திரும்பவில்லை. பின்னால் கோச்சி கோன் அடித்து ஊதியது. அதற்கும் திரும்பவில்லை. ராசன் கடவைக்கு ஏறத் தொடங்கிவிட்டார்.

காலில் இருந்த செருப்பைக் கழற்றி எறிந்தேன்.

அது அவளின் முதுகில் பட்டது. செருப்பால் எறிந்தது யார் என்று அவள் முகம் கறுத்துத் திரும்பினாள். என்னைக் கண்டாள். எனக்குப் பின்னால் வந்ததையும் கண்டாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லான்ட்மாஸ்ரருக்கு முன்னால் பாய்ந்தாள். ராசன் பிரேக்கை மிதித்தார். லான்ட்மாஸ்ரரின் மூக்குக்கு முன்னால் கோச்சி போனது. பெட்டிபெட்டியாய்ப் போய் முடிகிறவரைக்கும் ஒருவரும் அசையவில்லை.

"வா எண்டு நீங்கள்தானே கை காட்டினியள்?" ராசன் கேட்டது கோபத்தில் இல்லை. கைப்பிடியை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

பெட்டிக்குள் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "செருப்பெறிஞ்சது ஆர்?"

"நான்தான் பிள்ளை."

"குறி நல்லாத்தான் இருக்கு," என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னவளுக்கே பிறகு அழுகை வந்துவிட்டது.

புஷ்பம் கயிற்றை அவிழ்த்துத் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்டது. அவளின் நெஞ்சுப் பைக்குள், சிப்புக்கு உள்ளே, போன் அடித்துக்கொண்டிருந்தது. முந்திய கடவைக்காரர் விடாமல் அடித்திருக்கிறார்.

அவள் என் செருப்பை எடுத்து வாய்க்கால் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

"அக்கா, நீங்கள் கத்தினனீங்களோ?"

"ஓம். கத்தினனான்."

"ஒண்டும் கேக்கேல்லை அக்கா." அவளைக் கூட்டிப்போய்க் கொட்டிலுக்குள் இருத்தினேன். அந்த முறை முழுவதும் அவள் வீட்டுக்குப் போகாமல் என்னோடேயே இருந்தாள்.

4. திரும்பவும் வவுனியா

தொப்பியைக் கத்தியால் அறுத்தோம். அறுத்த இடத்தால் தண்ணீர் முதுகுக்குள் இறங்கியது. அடுத்த மாரிக்கு முன்னர் திரும்பவும் நானாவிடம் போனோம். நாடா இருக்கிறதா என்று உள்பக்கம் புரட்டிப் பார்த்தோம். நிறம் பார்த்தோம். போன் வைக்க வெளியே பை இருப்பதாய்ப் பார்த்தோம். பிறகு நான் புஷ்பத்தைத் தொப்பியும் போட்டுக்கொண்டு கடை வாசலில், முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். நான் கடையின் உள்மூலையில் போய் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

ஒன்றைப் போட்டாள், திரும்பவில்லை. கழற்றச் சொன்னேன். இன்னொன்றைப் போட்டாள், அதற்கும் இல்லை.

"அம்மா, நீங்க கூப்பிடுறது பக்கத்தில நிக்கிற எனக்கே கேக்கல்ல. கொஞ்சம் பலமாக் கூப்பிடுங்க," என்றார் நானா.

"வேண்டாம் நானா," என்றேன். அன்று அந்தக் கடையில், ஆட்களுக்கு நடுவில், நானே வாய் திறந்து சொன்னேன். "மழைக்குள்ள கோச்சி வாற சத்தம் முதலில இவ்வளவுதான் கேக்கும்."

அவர் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார். அதன் தொப்பி கழுத்தோடு கழற்றுகிற மாதிரி, கழற்றினாலும் கழுத்துப்பட்டி மூடியே நிற்கும். அதைக் கழற்றிவிட்டுப் போட்டதும் புஷ்பம் முதல் கூப்பிடுதலிலேயே திரும்பினாள்.

இந்த வேலைக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உடம்பு நனையாத சட்டையை வாங்குங்கள். தலை நனையட்டும், காதும் நனையட்டும். துவட்டினால் காய்ந்துவிடும்.