பதினோரு நாள் முந்தி வந்த திதி

வேங்கிக்கால் படிப்பகத்தின் வாசலில் இருக்கும் கரும்பலகையில் ஏழு வருடமாக ‘வரலாற்றில் இன்று’ எழுதி வருகிறவர் கண்ணாயிரம். எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் ஆரம்பித்தது. மேலே யாராவது ஒருவரின் பிறந்தநாளோ நினைவுநாளோ இருக்கும். கீழே ஒரு பொன்மொழி. தேதிவாரியாக ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். பொன்மொழிகளைத் தினக் காலண்டர் தாள்களிலிருந்து வெட்டி அதில் ஒட்டியிருந்தார். மனைவி காசியம்மாள் இறந்த பிறகும் காரியம் முடிந்த மறுநாளே பலகைக்கு வந்துவிட்டார். காலையில் எழுந்து வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் போனது போன வருடம் அக்டோபர் பதினேழு, விடியற்காலை. முதல் வருடப் படையலை இந்த அக்டோபர் பதினேழில் வைப்பது, உறவில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது என்று நினைத்திருந்தார்.

அக்டோபர் ஆறு, திங்கட்கிழமை. காலையிலேயே சாலையில் கூட்டம். பௌர்ணமி என்பதால் கிரிவலத்துக்கு ஆட்கள் வந்து இறங்கியபடி இருந்தார்கள். மாதாமாதம் பார்க்கிற கூட்டம்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, ‘விஞ்ஞானி மேகநாத் சாகா பிறந்தநாள், 1893’ என்று எழுதி முடித்தபோது கைப்பேசி அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து கொழுந்தியாள் மணிமொழி.

“மாமா, படையலுக்கு எல்லாம் ஆச்சுங்களா? நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்.”

“எந்தப் படையல்?”

மணிமொழி பஸ் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினாள்.

“அக்காவுக்குத்தாங்க. புரட்டாசிப் பௌர்ணமி இன்னிக்கித்தானே?”

“பதினேழாந்தேதிதானே போனா. இன்னும் பதினோரு நாள் இருக்குதே.”

“அது காலண்டர் தேதிங்க. திதி அதைப் பாத்தா வரும்? ஊர் உலகத்துல எவன் எப்போ செத்தான்னு போர்டுல எழுதறீங்க, எங்கக்கா நாளை மட்டும் விட்டுட்டீங்களே.”

அவள் குரலில் கோபம் கம்மியாகத்தான் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவள் போன அன்றைக்கும் பௌர்ணமிதான். உடலைக் கொண்டுவந்த வண்டி, மலையைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு நடுவில் ஊர்ந்து வந்ததை அவர் மறக்கவில்லை. ஆனாலும் மனதில் தங்கியது இறப்புச் சான்றிதழில் இருந்த தேதிதான். முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் தேதி போட்டுப் போட்டு, தேதி என்றால் அவருக்கு அது ஒன்றுதான்.

பொன்மொழி எழுதாமலே சாக்பீஸை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் தனியாகச் சமைத்தார். சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், காசியம்மாளுக்குப் பிடித்த கத்திரிக்காய் காரக்குழம்பு. வடை எண்ணெயில் உதிர்ந்துபோனது. மணிமொழி வந்து சேர மூன்றரை ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறவே மதியம் ஆகிவிட்டதாம்; கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே அதை நிறுத்திவிட்டார்களாம். வாழையிலைக் கட்டோடும் புதுப்புடவையோடும் வெயிலில் நடந்தே வந்திருந்தாள். வந்தவள் ஒன்றும் கேட்காமல் முகம் கழுவிக்கொண்டு இலை போட்டாள்.

படைத்து முடித்து, மாடிச் சுவரில் சோறு வைத்தார்கள். ஒரு காக்கை இல்லை. கண்ணாயிரத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது.

“எல்லாக் காக்காவும் அன்னதானத்துக்குப் போயிருக்கும் மாமா. அங்க கேசரி, புளிசாதம். உங்க சாம்பாரை யாரு சீந்துவா?”

“கோவமா இருப்பாளோ?”

“இருந்தா நேரா திட்டியிருப்பா. எங்கக்காவை எனக்குத் தெரியாதா?”

வெயில் மலைக்குப் பின்னால் போனது. அவர் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தார்கள்.

“வாங்க மாமா. அவ யாரையும் பட்டினி போட்டதில்ல.”

கீழே வந்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் மணிமொழி சொன்னாள்: “பதினேழாந்தேதிக்கு யாரையும் கூப்பிடாதீங்க. ஒரு வருசத்துல ரெண்டு வாட்டி படைக்க மாட்டாங்க.”

“கூப்பிடல. அன்னிக்கி சும்மா வீட்ல இருந்துக்கறேன்.”

அவள் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போதும் என்று அவர் கையை நீட்டவில்லை.