வெற்றிலையில் மடித்த நோட்டு

மொன்றியலில் அந்தக் குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்துக் கிடக்கிறது. மூடும்வரை அங்கே வேலை செய்தேன். ஆனால் ஒரு குதிரை ஓடியதைக்கூடப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? என் வேலை உள்ளே, சூதாட்ட மெஷின் மண்டபத்தில். மெஷினில் நோட்டு இறுகினால் திறந்து எடுத்துக் கொடுக்கவேண்டும்.

அந்த வேலைக்கு அரசாங்கம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கைரேகை எடுத்தார்கள், இருந்த விலாசம் எல்லாம் கேட்டார்கள். கடைசியில் படம் போட்ட அனுமதி அட்டை கழுத்தில் ஏறியது. கல்யாண மாலையோடுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. மனைவி அப்போது யாழ்ப்பாணத்தில். அவளைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுக்க அந்த வேலைக் கடிதத்தைத்தான் கொடுத்திருந்தேன். அட்டை போனால் வேலை போகும், அவள் வருவதும் நின்றுபோகும்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என் கீழ்வீட்டில் திருகோணமலை அண்ணை ஒருவர் இருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவுபவர், தனிக்கட்டை, குதிரைப் பைத்தியம். பந்தயம் தொடங்கும்வரை பொழுதுபோக்காக ஒரு மெஷின் முன்னால் உட்காருவார். சுவருக்கு அப்பால் அறிவிப்பாளரின் பிரெஞ்சு கேட்டதும் “தொடங்கீட்டாங்கள்” என்று எழுந்து ஓடுவார். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

ஒரு சித்திரை வருடப் பிறப்பன்று, வெளியே அழுக்குப் பனி கரையாமல் கிடந்த மத்தியானம், அவருடைய மெஷினில் நோட்டு இறுகியது. திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து வெற்றிலையில் மடித்த புது நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“தம்பி, இண்டைக்கு வருசமெல்லே. கைவிசேடம் பிடியும்.”

வருடத்தின் முதற்காசு, மூத்தவர் கையால் வருவது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விளையாட வருபவரிடம் ஊழியர் ஒரு சதமும் வாங்கக்கூடாது என்ற விதிக்குக் கையெழுத்து வைத்தவன் நான்தான். தலைக்கு மேலே கமரா இருப்பதும் தெரிந்தவன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மறுநாள் அரசாங்கப் பரிசோதகர் அம்மா ஒருவர் வந்து கமராப் படத்தை ஓடவிட்டார். மெஷினைத் திறக்கிறேன், மூடுகிறேன், காசு வாங்குகிறேன். அசல் கள்ளன். என் அரைகுறைப் பிரெஞ்சில் வருடப் பிறப்பை விளக்கினேன். “அந்த இலை எதற்கு?” என்று கேட்டார். விசாரணை முடியும்வரை அட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார். அன்றிரவு மனைவியோடு தொலைபேசியில் கதைத்தபோது காலநிலையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அண்ணையையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பத்தாம் நாள் ஓர் எச்சரிக்கையோடு அட்டை திரும்பி வந்தது. சந்தோஷத்தில் துள்ளினேன். பிறகுதான் மேலாளர் விஷயத்தைச் சொன்னார். சூதை விட நினைப்பவர்களுக்கென்று ஒரு பத்திரம் உண்டு. ஐந்து வருடத்துக்குத் தன்னை உள்ளே விடவேண்டாம் என்று அண்ணை அதில் தானாகவே கையெழுத்து வைத்திருந்தார். குதிரை பார்க்கும் மாடத்துக்கும் மெஷின் மண்டபம்தான் வழி.

“ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?”

“நான் அங்க வராட்டி, உமக்கும் எனக்கும் என்ன கூட்டெண்டு ஆரும் கேக்க மாட்டினம். மனுசி வந்து சேரட்டும். குதிரை எங்க போகப்போகுது?”

குதிரைதான் போனது. அந்த ஐந்து வருடம் முடியுமுன்னே திடலை மூடிவிட்டார்கள்.

மனைவி வந்தாள். இப்போது பக்கத்து நகரான லவாலில் இருக்கிறோம். ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் அண்ணை மெற்றோ ரயிலில் வந்து என் பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுப்பார். அவர்கள் பிரெஞ்சில் “மெர்சி” என்று நன்றி சொல்வார்கள், அவர் சிரிப்பார். திடலைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்.

இந்தச் சித்திரையில் அவரைக் காரில் கொண்டுபோய் விடும்போது, திடலின் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி வேலியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

“நெத்தியில வெள்ளை விழுந்த குதிரை ஒண்டு. கடைசி நாளும் ஓடினதாம். வெண்டதோ தம்பி?”

அன்றைக்கும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் மெஷின் துடைத்துக்கொண்டு நின்றேன்.

“ஓம் அண்ணை,” என்றேன். “வெண்டது.”