அரிசி டப்பாவில் ஆட்டுக்குடல்

என் அத்தை இன்று நாடு நாடாகப் போய் முப்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்துகிறாள். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய இசை மட்டும்தான். அதற்கு இந்தப் பக்கம் பிறந்த எதையும் தொடமாட்டாள். இதில் எனக்கும் எங்கள் நாய்க்கும் பங்குண்டு என்பதை மட்டும் பேட்டிகளில் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. வெளிநாட்டில் வயலின் படிப்பைப் பாதியில் விட்டு, அத்தை வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். மறுபடி போக அவளுக்குக் கொள்ளை ஆசை. அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு நம்ம கோவில்ல ஊர் ஆளுங்களச் சேத்து ஒரு பாட்டுப் பாட வை. நல்லா வந்தா அப்புறம் உன் இஷ்டம். சொதப்புனா பேசாம ஸ்கூல் வேலைக்கு மனு போடு."

பாடக் கிடைத்தவர்கள் நடவுக்குப் போகும் பெண்கள் நாலு பேர், டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர், கணக்கு டீச்சர். அத்தை எடுத்த நானூறு வருஷத்து லத்தீன் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அத்தை வாசித்தபடியே தலையசைத்துத் தாளம் காட்டுவாள். அவர்களோ தாளைவிட்டுக் கண்ணெடுக்காமல், வயலின் சத்தத்தின் பின்னாலேயே போவார்கள்.

அந்தக் காலத்து வயலினுக்குக் கம்பி கிடையாது, செம்மறி ஆட்டுக் குடலைத் திரித்த தந்திதான், தன் வயலினிலும் அதுதான் என்று அத்தை ஒருநாள் எனக்கு விளக்கினாள். ஈரக்காற்று ஆகாது என்று மாற்றுத் தந்தியைக் காகிதத்தில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தும் வைத்தாள்.

எனக்குப் பகீரென்றது. அது தவக்காலம். நாற்பது நாளும் எங்கள் வீட்டில் ஒரு முட்டைகூட உடையாது. அரிசிக்குள் ஆட்டுக்குடலை வைத்துக்கொண்டு தினமும் அந்தச் சோற்றையா தின்பது? குடும்பத்தோடு நரகத்துக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. தந்தியை எடுத்து நாய்க்குப் போட்டேன். அதற்கேது தவக்காலம்? வெகுநேரம் மென்றது.

குருத்தோலை ஞாயிறு காலை, பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அத்தையின் வயலினில் ஒரு தந்தி பட்டென்று அறுந்தது.

"ஓடுடி, அரிசி டப்பாவுல இன்னொன்னு இருக்கு."

நான் நகரவில்லை. "நாய்க்குப் போட்டுட்டேன் அத்தை. தவக்காலத்துல கறி பாவம்ல?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அத்தை வயலினைப் பெட்டியில் வைத்தாள். வெறுங்கையோடு பாடகர்கள் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள்.

பின்னாலேயே போக வயலின் சத்தம் இல்லாமல், அவர்கள் முதல்முறையாக நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார்கள். கை விரிந்தது, நடவுக்காரப் பெண்களின் குரல் எழும்பியது. கை தாழ்ந்தது, டிராக்டர் அண்ணன் அடிக்குரலில் வந்து சேர்ந்தார். ஆறு பேரா பாடுகிறார்கள் என்று கோவிலே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா குருத்தோலையை ஆட்ட மறந்து வாயைப் பிளந்திருந்தார்.

பூசை முடிந்ததும் அத்தையிடம், "எப்பக் கெளம்புற?" என்று மட்டும் கேட்டார்.

கோவிலுக்குப் பின்னால் அத்தை தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். தந்தி போன துக்கம் என்று நினைத்தேன். கிட்டே போய், "அழாதீங்க அத்தை, ஈஸ்டருக்கு ஆடு வெட்டுவாங்க. குடலைக் கேட்டு வாங்கித் தரேன்" என்றேன்.

என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். ஒரு ஆட்டுக்குடல் போதாது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.