ஏறாத அரைக் கட்டை

எங்கள் இன்னிசைக் குழுவின் தலைவருக்குத் தொண்டையைவிட வாய் நீளம். 2007இல், சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மணப்பெண் ஆசைப்பட்டு ஒரு டூயட் கேட்டிருந்தாள். அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தில் சுருதி அரைக் கட்டை ஏறும். பாட்டுக்கு உயிரே அங்கேதான். ஆண் குரல் பாடும் தலைவருக்கு அது எட்டாது; பெண் குரல் நான்.

“ஏத்த வேணாம்மா. பந்திக்கு வந்தவங்களுக்கு கட்டை ஜாஸ்தியா கம்மியான்னு தெரியவா போவுது?” என்றார் என்னிடம். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

மாப்பிள்ளையோடு நின்று பாட்டைக் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மணப்பெண், அந்த இடம் வந்ததும் மோவாயை உயர்த்தி மூச்சை இழுத்தாள். பாட்டு ஏறவில்லை. அவள் முகம் விழுந்துபோனது.

அடுத்த வரி என்னுடையது. அரைக் கட்டை ஏற்றியே பாடினேன். கீபோர்டுக்காரர் பதறிப்போய் பொத்தானை அழுத்திச் சுருதியை ஏற்றும்வரை ஒரே நாராசம். பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டது. மணப்பெண் கைதட்டிச் சிரித்தாள். தன் வரி வந்தபோது தலைவர் மைக்கைத் தள்ளிப் பிடித்து வாயை மட்டும் அசைத்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் நான் வேனை விட்டு இறங்கும்போது, “இனிமே நீ வராத” என்றார் தலைவர். நானும் அதன்பிறகு போகவில்லை.

அவர் இன்றும் அதே கட்டையில் பாடிக்கொண்டிருக்கிறாராம். பாடட்டும். கேட்பவர்களுக்குக் காதில்லை என்று நம்புகிறவருக்கு அது போதும்.