சூடேறாத எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினேன்

கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் நான். அன்று மலையின் முதல் வளைவிலேயே நெஞ்சு படபடக்க, வண்டியை ஓரங்கட்டினேன். முன்பும் இப்படி வந்து ஈசிஜி எடுத்தாயிற்று, இதயத்தில் குறையில்லை. மனக்கோளாறு என்று தெரிந்தால் என் வண்டியில் யார் ஏறுவார்கள்? "எஞ்சின் சூடு" என்று புளுகி, சூடேறாத ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன்.

தோட்டவேலைக்கு வரும் பேச்சியக்கா இறங்கி வந்தார்.

"ஏலே, சூடு வண்டிக்கா ஒனக்கா? எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. மூளையில பயத்துக்குன்னு ஒரு இடம் இருக்காம், அது சும்மாவே அலாரம் அடிக்குதுன்னு தேனி மனநல டாக்டரம்மா சொன்னாக. மாத்திர குடுத்தாக. இப்பப் பாரு, ஒன் வண்டியிலயே பயப்படாம வாறேன்!"

மறுநாளே தேனிக்குப் போனேன். மாத்திரை சாப்பிட்டு, டாக்டரம்மா ஓட்டலாம் என்ற பிறகே மறுபடி ஸ்டியரிங் பிடித்தேன். எப்போதாவது படபடத்தால் ஓரங்கட்டி, உள்ளதைச் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் வேறு ஜீப்புக்கு மாறவில்லை.